கெட் அப்... கெட் ரெடி... கெட் டு பெட்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை. துணியை ஊறப்போட்டுவிட்டு, அப்பாடா என்று பேப்பரைக் கையில் எடுத்தேன். மாடிப்படியில் தத்தக்கா பித்தக்கா என்று யாரோ ஏறி வரும் சத்தம். கீழ் வீட்டு மோனிஷா. நான்கு வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். வந்ததும் வராததுமாக என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்கப்பாவுக்கு எம்மேல கோவமா?"

"ஏன்டா கண்ணு, அடிச்சாரா?"

"இல்ல."

"திட்டினாரா?"

"இல்ல. எங்கூட பேசவே மாட்டேங்கறாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அவர் ஏன் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று ஏறிய பி.பி. இன்னும் இறங்கவில்லை. சென்ற வாரம் போல இந்த வாரமும் ஏதாவது சிரிக்கச் சிரிக்க எழுதுவேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். மோனிஷாவின் அப்பா தேவராஜ், சிட்டி பஸ் கண்டக்டர். அம்மா லலிதா, கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ஜோகுபாளையத்தில் ஒரே கட்டடத்தில் மாடியில் நான், கீழே அவர்கள். தேவராஜைப் போல ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் பஸ்ஸில் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் கத்தி ஜனங்களை முன்னால் தள்ளிவிட்டு வந்த மனுஷனுக்குத் தொண்டை வலிக்காதோ? வலிக்காது. ஷூவைக் கழற்றும்போதே மகளுக்குக் கதை ஆரம்பித்துவிடுவார்.

எல்லாம் அன்றைக்கு பஸ்ஸில் நடந்ததுதான். மீசை முளைத்த பையனுக்கு அரை டிக்கெட் கேட்ட அம்மா. கூடைக்குள்ளிருந்து தப்பித்து டிரைவர் தலைமேல் உட்கார்ந்த கோழி. கோழிக்காரி உருதுவில் கூப்பாடு போடுவாள், டிரைவர் கன்னடத்தில் திட்டுவார், தேவராஜ் நடுவில் தமிழில் சமாதானம் பேசுவார் — எல்லாக் குரலையும் அவரே செய்வார். கோழிக் குரல் உட்பட! மோனிஷா சிரிக்கிற சிரிப்பு மாடிக்குக் கேட்கும். நான் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அழுகிற சீரியல்களைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அந்த வீட்டுக்குத்தான் சனி பிடித்தது. பள்ளிக்கூட ரூபத்தில்.

இந்த ஊரில் இப்போது தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குகிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைக்க முளைக்க, இங்கிலீஷ் வராவிட்டால் பிள்ளை பிழைக்காது என்ற பயம் எல்லோருக்கும். லலிதாவுக்கும்தான். பெரிய இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் ஒன்றில் அப்ளிகேஷன் போட்டிருந்தாள். இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேலே வந்தாள்.

"அக்கா, எங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக் குடுங்கக்கா."

"உங்களுக்கா? பாப்பாவுக்குத்தானே இன்டர்வியூ?"

"பாப்பாவ ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம். எங்களத்தான் கேப்பாங்களாம். அவருக்கு பஸ்ல பேசற இங்கிலீஷ்தான் வரும். பேஜாரா இருக்குக்கா."

படிக்கப் போவது யார்? பெஞ்சில் உட்காரப் போவது யார்? அப்பா அம்மாவுக்குப் பரீட்சை வைத்துப் பிள்ளைக்கு சீட் கொடுக்கிற அதிசயம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? அன்றே எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். ஒரு வாரத்தில் இங்கிலீஷ் என்றால் எங்கே ஆரம்பிப்பது? யோசித்து 'கெட்'டில் ஆரம்பித்தேன்.

இந்த 'கெட்' இருக்கிறதே, அது உருளைக்கிழங்கு மாதிரி. எதில் போட்டாலும் சேரும். எழுந்தால் கெட் அப். பஸ் ஏறினால் கெட் ஆன். இறங்கினால் சீமையில் கெட் ஆஃப், நம் ஊரில் கெட் டவுன். கல்யாணம் செய்தால் கெட் மேரீட். காய்ச்சல்காரருக்கு கெட் வெல் சூன். பிடிக்காதவனுக்கு கெட் லாஸ்ட். புரிந்துவிட்டதா — ஐ காட் இட். தப்புச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பித்தால் கெட் அவே. துக்கத்திலிருந்து தேறினால் கெட் ஓவர். ஒருவர் ஓயாமல் எரிச்சலூட்டினால் 'யூ ஆர் கெட்டிங் ஆன் மை நெர்வ்ஸ்' — இதை மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிடாதீர்கள் என்று தனியாக எச்சரித்தேன். வாங்குவது, போவது, வருவது, ஆவது, அடைவது... எது வேண்டுமோ அதற்கெல்லாம் கெட். டிக்‌ஷனரியில் பக்கம் பக்கமாகப் போகும்.

தேவராஜ் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டார். "இது நல்லா இருக்கேக்கா! ஒரே பாஸ்ல ஊரெல்லாம் சுத்தலாம் போல!"

இன்டர்வியூ நடந்தது. 'வீட்டில் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுப்பீர்கள்?' என்று ஹெட்மிஸ்ட்ரஸ் இங்கிலீஷில் கேட்டாராம். தேவராஜ் எழுந்து நின்று, "மேடம், ஐ கெட் ஹோம் அட் சிக்ஸ். ஐ கெட் காபி. தென் ஐ கெட் ஹர் புக்ஸ்" என்றாராம். சீட் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வந்தது.

ஆனால் சீட்டோடு ஒரு கண்டிஷனும் வந்தது. வீட்டில் குழந்தையோடு இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும். தமிழ் கூடாது. கன்னடமும் கூடாது. இரண்டுமே இந்த மண்ணில் புழங்குகிற பாஷைகள்தானே, அவை என்ன பாவம் செய்தன? கேட்டால், ஆக்‌ஸென்ட் கெட்டுவிடுமாம்!

இதோடு விட்டார்களா? கேளுங்கள் கொடுமையை. திங்கட்கிழமை தோறும் கிளாசில் மிஸ் கேட்பாராம்: 'யார் யார் வீட்டில் தமிழோ கன்னடமோ பேசினார்கள்? கையைத் தூக்குங்கள்.' நான்கு வயதுக் குழந்தைகள்! பொய் சொல்லத் தெரியாத வயது. மோனிஷா முதல் வாரமே பெருமையாகக் கையைத் தூக்கியிருக்கிறாள். "மை டாடி டெல்லிங் ஹென் ஸ்டோரி" என்று வேறு சொல்லியிருக்கிறாள். அந்தப் பீரியட் முழுக்க அவளை வாசலில் நிறுத்தி வைத்தார்கள். லலிதாவைக் கூப்பிட்டு, இப்படியே போனால் அடுத்த வருஷம் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெற்றவர்களைக் காட்டிக் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குவதற்குப் பெயர் கல்வியா? போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படி விசாரிக்க மாட்டார்களே!

அன்றிலிருந்து தேவராஜ் வாயை மூடிக்கொண்டார். லலிதாவாவது சமையலறையில் குசுகுசுவென்று இரண்டு வார்த்தை தமிழில் கொஞ்சுவாள். தேவராஜ் அதுவும் செய்வதில்லை. தன்னால் மகள் வாசலில் நின்றாளே என்ற பயம். எனக்கு மாடியில் கேட்பதெல்லாம் இதுதான்: "மோனிஷா, கெட் அப்." "கெட் ரெடி." "கெட் யுவர் பேக்." "கெட் டவுன் ஃப்ரம் தேர்." "கெட் டு பெட்." அவ்வளவுதான். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அத்தனையும் உத்தரவு.

டிக்‌ஷனரியில் பக்கம் பக்கமாக அர்த்தம் இருந்து என்ன பயன்? அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான் மிஞ்சியது. அரைகுறையாகக் கற்ற பாஷையில் அதட்டுவது சுலபம், இரண்டு சொல் போதும். கொஞ்ச வேண்டுமானால் கை நிறையச் சொல் வேண்டாமா?

ஒரு நாள் சாயங்காலம் அவர் முயன்று பார்த்தார். ஜன்னல் வழியாகக் கேட்டது. "மோனிஷா... ஒன் ஹென் காட் ஆன் பஸ். ஐ ஆஸ்க் டிக்கெட். ஹென்... ஹென் காட் டவுன்." பிறகு மோனிஷாவின் குரல், ரொம்ப மரியாதையாக: "ஓகே, டாடி."

அந்த 'ஓகே, டாடி'யைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மோனிஷாவை என் வீட்டு டி.வி. முன்னால் கார்ட்டூன் பார்க்க உட்கார வைத்துவிட்டு நேரே கீழே இறங்கினேன். லலிதா என் முகத்தைப் பார்த்தே பயந்துபோனாள்.

"நாளைக்கே நான் அந்த ஸ்கூலுக்குப் போறேன். அந்த அம்மாவை நாலு கேள்வி கேக்கறேன்."

"ஐயோ அக்கா, வேணாம்! நீங்க போய் பேசினா சீட்டு போய்டும். எவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கினது..."

தேவராஜ் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். "விடுங்கக்கா. கொஞ்ச நாள்ல எனக்கும் இங்கிலீஷ் வந்துரும். அப்ப பேசிக்கறேன். பாப்பா எங்க போய்டப் போவுது?"

"தேவராஜ், உங்க பொண்ணு இப்ப எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? எங்கப்பாவுக்கு எம்மேல கோவமான்னு கேட்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கோவமா? எனக்கா?" என்றார். "அவளுக்காகத்தானேக்கா வாய மூடினேன்..." லலிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் கார்ட்டூன் முடிந்துவிட்டதோ என்னவோ, மோனிஷா இறங்கி வந்து வாசலில் நின்றாள். தேவராஜ் கையை நீட்டினார். "அம்மாடி, இங்க வாடா செல்லம். அப்பாவுக்கு உம்மேல கோவமே இல்லடா."

குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் ஓடித்தான் வந்தாள். வந்து, தன் உள்ளங்கையால் அப்பாவின் வாயைப் பொத்தினாள்.

"நோ டாடி. தமிழ் பேசாத. மண்டே மிஸ் கேப்பாங்க. வீட்ல பேசினா கை தூக்கணும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. தேவராஜ் அந்தச் சின்னக் கையை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சிறிது நேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், ஆணியில் மாட்டியிருந்த தோல்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். மோனிஷா திடுக்கிட்டாள்.

"யாரும்மா அது, படியில நிக்கறது? மேல ஏறு, மேல ஏறு! இடம் இருக்கு!"

"டாடி, வீட்ல..."

"எது வீடு? இது பஸ்ஸும்மா. நான் கண்டக்டர். பஸ்ல எல்லா பாஷையும் பேசலாம். மிஸ்ஸு வீட்லதானே பேசக்கூடாதுன்னாங்க? ஏறும்மா சீக்கிரம், வண்டி கிளம்பப் போவுது!"

மோனிஷா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்டில்மேல் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். லலிதாவை டிரைவர் ஆக்கினார்கள். என்னையும் விடவில்லை. பெரிய மூட்டையோடு ஏறிய பாட்டி வேஷம் எனக்கு. மூட்டைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்று அந்தக் கண்டக்டர் என்னோடு போட்ட சண்டையில், பயணி விழுந்து விழுந்து சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மிஸ் வழக்கம்போலக் கேட்டாராம். மோனிஷா கையைத் தூக்கவில்லை. பொய் சொல்லவில்லை பாருங்கள், வீட்டில் யாரும் தமிழ் பேசவே இல்லையே! தினமும் சாயங்காலம் அந்தக் கட்டில் இப்போது கிளம்புகிறது. எந்த ஸ்டாப்பிலும் நிற்பதில்லை, குழந்தை தூங்கும் வரைக்கும்.

ஊரார் இதைக் கேட்டு, என்ன சாமர்த்தியம் என்று தேவராஜைப் பாராட்டுகிறார்கள். எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை. பெற்ற மகளோடு நாலு வார்த்தை பேச, ஒரு மனுஷன் தன் வீட்டை வீடில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே! இதைச் செய்ய வைத்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்களே!

லலிதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் அந்த ஸ்கூல் பக்கம் நான் போகப் போவதில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம், நீங்கள் வேண்டுமானால் ஒரு நாள் சாயங்காலம் இங்கே வாருங்கள் — ஒரு அப்பா எப்படிப் பேசுவார் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டாவது கேட்டுவிட்டுப் போகலாம்.