அஞ்சரை மணி வேன்

பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றால், வேலை தெரிந்தவர்களிடம் போய் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்கிற ஆள் என்று அர்த்தம். அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று கணபதி ஏரியாவில் மோட்டார் வைண்டிங் செக்‌ஷனுக்கு வந்தவன் நான். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏன் நம்மை இங்கே உட்காரவைத்தார்கள் என்று புரியாமல் முழிக்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம்தான் சொல்கிறேன்.

நீலத் தொப்பி

செக்‌ஷனில் என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். மோட்டாருக்குள் வைக்கும் செம்புக் கம்பிக் காயில் சுற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தது மகேஸ்வரி அக்கா. கம்பி சிக்கலானால் கையில் ஒரு போடு போடுவார். அந்த அக்காவின் வேலையை இனி நான் சரிபார்க்க வேண்டுமாம். அவங்களையே போடலாமே சார் என்று மேனேஜரிடம் கேட்டேன். தினமும் ஆறு மணிக்கு மீட்டிங், பெண்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் கம்பெனி வேன் அஞ்சரைக்கே கிளம்பிவிடும், உன்னிடம் பைக் இருக்கிறது என்றார். ஆக, என் தகுதி பைக். அதுவும் மாமாவுடையது.

சூப்பர்வைசரின் நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங் சார், பாத்ரூம் போயிட்டு வரட்டுங்களா?"

கண்ணாடி

திடீரென்று கம்பெனிக்குப் பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவர ஆசை வந்தது. கேன்டீனில் பேனர் கட்டினார்கள். வெளியிலிருந்து ஒரு மேடம் வந்து தன்னம்பிக்கை பற்றி ரொம்ப நேரம் பேசினார். நல்லாத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. கடைசியில், உங்களைத் தடுப்பது எது, தைரியமாகச் சொல்லுங்கள் என்றார். மகேஸ்வரி அக்கா எழுந்து, வேன் அஞ்சரைக்குக் கிளம்பிவிடுகிறது என்றார். அதை விட்டால் தன் ஊர் கிணத்துக்கடவுக்கு இரண்டு பஸ் மாறி, இறங்கித் தென்னந்தோப்பு வழியாக இருட்டில் தனியாக நடக்க வேண்டும்.

மேடம் சிரித்தார். அதெல்லாம் வெளித் தடை, உண்மையான தடை மனசுக்குள் இருக்கிறது, தினமும் கண்ணாடி முன்னால் நின்று என்னால் முடியும் என்று சொல்லுங்கள் என்றார். அக்கா தலையாட்டினார். "சொல்றனுங்க மேடம். சொன்னா வேன் நிக்குங்களா?"

போஸ்ட்மேன்

எப்படியோ அக்காவைச் சூப்பர்வைசர் வேலையில் மூன்று மாதம் சோதித்துப் பார்ப்பதாக முடிவானது. சரிப்பட்டால் அவர் சூப்பர்வைசர், நான் டெஸ்டிங் பிரிவுக்குப் போகலாம். இல்லாவிட்டால் அவர் பழையபடி காயில் சுற்ற வேண்டும். அக்காவுக்கு அந்த வேலை வேண்டும். அதை அவர் ஒளிக்கவும் இல்லை, செக்‌ஷன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் மீட்டிங் அதே ஆறு மணிக்கு. எந்த மோட்டாரை நிறுத்துவது, எதை முதலில் முடிப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். அக்காவுக்குப் பதிலாக நான் போய்க் கேட்டுவந்து காலையில் அவரிடம் சொல்வேன். அவர் ஒரு கேள்வி கேட்பார். எனக்குப் பதில் தெரியாது, ஓடுவேன். பதிலோடு வந்தால் அதிலிருந்து இன்னொரு கேள்வி. சூப்பர்வைசர் அவரா, நானா, இல்லை என் கால்களா என்றே புரியவில்லை. கடுப்பில் மேனேஜரிடம் போய், அக்கா நன்றாகத்தானே பார்க்கிறார், இப்போதே போட்டுவிடுங்கள் என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "வேலையெல்லாம் சரிதான் தம்பி. ஆனா பொறுப்பே இல்லியே. ஒரு மீட்டிங்குக்காவது வந்துச்சா அந்தம்மா?"

படிக்கட்டு

இதை அப்படியே அக்காவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மறைக்கத் தெரியாது. சோதனை முடியும் வாரம், ஒரு நாள் ஐந்தேகாலுக்கு அக்கா மீட்டிங் அறைக்குள் போய் உட்கார்ந்து, வந்துவிட்டேன், ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். நானும் பின்னாலேயே போனேன். மேனேஜர் கையில் டீயோடு கொஞ்சம் தடுமாறி, ஆரம்பித்தார். முதல்முறையாக, கேள்வி கேட்டவுடன் அங்கேயே பதில் கிடைத்தது. நான் ஓட வேண்டியிருக்கவில்லை.

அஞ்சரைக்கு வெளியே வேன் ஹாரன் அடித்தது. மேனேஜர் என் காதருகே வந்து, வேனை எடுக்கச் சொல்லிவிட்டு வா, மற்ற பெண்கள் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்றார். நியாயம் மாதிரியும் இருந்தது. ஆனால் வேன் கிளம்பினால் அக்காவும் பாதியில் எழுந்து ஓடி ஏற வேண்டும், பொறுப்பில்லை என்று அன்றைக்கே முடித்துவிடுவார்கள். இதில் எது நியாயம் என்று யோசித்தபடியே போய் வேன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் முறைத்தார். உள்ளேயிருந்த அக்காக்களிடம் விஷயத்தைச் சொல்லி, கிளம்புகிறீர்களா என்று கேட்டேன். வீட்டில் குழந்தை அழும், மாமியார் கத்துவார் என்று ஆளாளுக்கு முனகினார்கள். யாரும் கிளம்பச் சொல்லவில்லை. "மகேசை உட்டுப்போட்டு நாங்க எங்க போறது? நீ எந்திரிக்காத கண்ணு, அப்படியே குந்து."

மீட்டிங் அன்றைக்குச் சீக்கிரமே முடிந்தது. அக்கா வந்து, நகரு என்று என் தோளில் தட்டிவிட்டு ஏறினார். வேலை கிடைத்ததா என்றேன். "நாளைக்குச் சொல்றாங்களாமா. இனிமே தினமும் மீட்டிங் நாலரைக்காமா, நீயும் நேரத்துக்கு வந்துரு."

பெண்கள் மேலே வர ஒரு கம்பெனி என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, என்னிடம் வேனை அனுப்பச் சொன்னார்கள், நான் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.