எங்க ஊட்டுப் பையன்

கடலைப் புண்ணாக்கு ஊறிய வாசம்... சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது முத்தையனின் சட்டையிலிருந்து அதுதான் வரும்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அவர் அங்கே பண்ணையத்தில் வேலைக்கு இருந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். என் அப்பாவைவிட மூத்தவர். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் "பையன்". பத்து வயதில் நானும் "ஏ பையா" என்றுதான் கூப்பிடுவேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர், குழந்தை, பையன், வாலிபன், கிழவன் என்று போர்டில் எழுதி, ஆளுக்கொரு வார்த்தை கொடுத்து வாக்கியம் எழுதச் சொன்னார். எனக்குப் "பையன்" வந்தது.

எழுந்து சத்தமாகப் படித்தேன். "எங்கள் வீட்டுப் பையன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். அவனுக்குத் தலை நரைத்துவிட்டது."

"தலை நரைச்சவன் எப்படிம்மா பையன்?"

டீச்சர் சிரித்தார். வகுப்பே சிரித்தது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

பக்கத்தில் இருந்த செல்வி மட்டும் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தையனின் மகள்.

மணி அடித்ததும், "எங்கப்பாவுக்குப் பேரு இருக்குதுங்க" என்றாள். மெதுவாகத்தான். ஒரே வகுப்பு, ஒரே வயசு... அதைக்கூட "ங்க" போட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன்.

"அவனை அப்படித்தான் கூப்புடறது சாமி. உனக்கெதுக்கு அதெல்லாம்?"

மறுநாள் காலையில், "பையா, சைக்கிளை எடு" என்றேன். வகுப்பில் செல்வி பின் பெஞ்சுக்குப் போயிருந்தாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவே இல்லை.

இப்போது சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறேன். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் என்னைவிடச் சின்னவர். "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறேன். வாயில் சுலபமாக வருகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். முத்தையன் குச்சி ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"பையன் வந்திருக்கான், காப்பி குடு சாமி" என்றார் அப்பா.

கொடுத்தேன். "செல்வி எப்படி இருக்குதுங்க?"

"திருப்பூர்ல இருக்குதுங்க சாமி. அதோட பையன் காலேஜுக்குப் போறானுங்க." முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

அப்பாவுக்கு மூத்தவரைப் பெரியப்பா என்றுதானே கூப்பிட வேண்டும்... அப்படிக் கூப்பிட வாயெடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பத்து வயதில் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாற்பத்தைந்து வயதில் என்னவென்று சொல்லிக்கொள்வது?