பாலின் அடர்த்தி

தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பு வாசம் விரல்களை விட்டுப் போகாத ஒரு வாரம் அது. ஐம்பதுகளின் கடைசியில், பதுளைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இரசாயனம் தொடங்கியிருந்தது. நீலத்தாள் சிவந்தால் அமிலம், கல்லைப் போட்டதும் அளவுச்சாடியில் ஏறுகிற தண்ணீரே கல்லின் கனவளவு என்றெல்லாம் கேட்டு, உலகமே என் கொப்பிக்குள் வந்துவிட்டதுபோலத் தலைகால் புரியாமல் திரிந்தேன். ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனில் படித்த ஒரே பெண்பிள்ளை நான். எங்கள் ஒற்றைப் பசுவின் பாலைக் காலை பஸ்ஸில் கொண்டுபோய் மூன்று வீடுகளுக்கு ஊற்றிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். அந்த வரும்படியில்தான் என் படிப்பு ஓடியது.

அடர்த்தி பார்க்க ஏதாவது திரவம் கொண்டுவரும்படி யாழ்ப்பாணத்து வாத்தியார் சொல்லியிருந்தார். மற்றவர்கள் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கொண்டுவர, நான் கேனிலிருந்து கொஞ்சம் பாலை எடுத்துவைத்தேன். போத்தலில் ஊற்றி நிறுத்து, வகுத்து, முதல் ஆளாகப் பலகையில் விடையை எழுதினேன். தண்ணீருக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று தசம் பூச்சியம் மூன்று என்பது புத்தகக் கணக்கு. எனக்கு வந்தது ஒன்று தசம் பூச்சியம் இரண்டு. வாத்தியார் பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எங்களிடம் பால் வாங்கிய வீடுகளில் ஒன்று அவருடையது.

“போத்தல் கழுவின தண்ணி உள்ளுக்க நிண்டிருக்கும் பிள்ளை. பிழைச்சுப்போச்சு எண்டு அழிச்சுவிடு,” என்றார்.

அவர் எனக்கு வழிவிடுகிறார் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. என் கணக்கைப் பிழை என்றால் எனக்குப் பொறுக்காது. போத்தலைத் துடைத்துக் காயவைத்து, எல்லோரும் பார்க்க மறுபடி செய்து, அதே விடையை அதே இடத்தில் எழுதினேன். பால் வாங்கும் இன்னொரு வீட்டுப் பெண் பின்வரிசையில் இருந்து, அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்று சிரித்தாள். அப்போதுதான் பலகையில் என்ன எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

மறுநாள் மூன்று வீட்டிலும் பால் வேண்டாம் என்றுவிட்டார்கள். நிறைந்த கேனோடு திரும்பிவந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பசுவுக்கு மடி வற்றிக்கொண்டு வந்ததும், ஒரு வீட்டை நிறுத்தினாலும் நான் பஸ் ஏற முடியாது என்று அம்மா மலையூற்றுப் ‘பீலி’த் தண்ணீரைச் சேர்த்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா அடிக்கவில்லை.

“எல்லாத்தையும் சரியாச் செய்யிற புள்ள, அத மட்டும் தப்பாப் போட்டிருக்கக் கூடாதாடி?” என்றாள்.

அடுத்த மாதம், விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் ‘பெரட்டு’க்களத்தில் நானும் கொழுந்துக் கூடையோடு நின்றேன்.

இன்று நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் காடு மண்டிக் கிடக்கிறது. மாட்டுப்பட்டி இல்லை, பேத்திகள் பால்மா கரைத்துக் குடிக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு அம்மா சாகும்வரை அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், உன்னைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான் அம்மா என்று வாய்விட்டு அழுதாவது இருப்பேன்.