ஈரம் படாத இருக்கை

அப்பா பழுதுபார்க்க விட்டு, சாகும்வரை எடுக்காத இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், கிள்ளான் நகரத்துக் கார் பட்டறையின் பின்னால் துருப்பிடித்து நின்றது. நான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு, பையோடு நேராக வந்திருந்தேன்.

“இஞ்சின் நல்லாத்தான் இருக்கு, அக்கா. ரிப்பேர் பண்ணி எடுத்துக்கிறீங்களா? இல்லன்னா நாளைக்குப் பழைய இரும்புக் கடை லோரி வந்திடும்லா,” என்றார் மெக்கானிக்.

கதவைத் திறந்தேன். பழைய தோல் வாடை முகத்தில் அடித்தது. எனக்கு மறுபடியும் ஒன்பது வயது.

பாசார் வாசலில் மழை கொட்டுகிறது. அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கையில் மீன் பை, என் கையில் கீரைக்கட்டு. அப்பாவின் கார் எங்கள் எதிரில் வந்து நிற்கிறது. பக்கத்து இருக்கை காலி. அம்மா கதவில் கை வைத்ததும் அவர் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்குகிறார்.

“மீன் தண்ணி சீட்டுல சொட்டும். பஸ்ஸுல வாங்க.”

நாற்பது நிமிடம் நின்றோம். நனைந்து வீடு சேர்ந்தபோது, அப்பா மஞ்சள் துணியால் காரின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை.

இன்று வாங்கிய மீன் பையை ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன். தண்ணீர் சொட்டியது.

“ஐயோ அக்கா, சீட்டு நாறிடும்!”

“நாறட்டும், அண்ணே. லோரிய இன்னைக்கே வரச் சொல்லுங்க.”