கடுப்பும் பதினேழு பூஜ்யங்களும்

பூமா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து ஏழு ஐம்பதுக்குக் கிளம்பினால் போதும் என்றாலும், ஏழு இருபதுக்கே செருப்பை மாட்டிவிடுவாள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை உள்ளே போய்ப் பார்ப்பாள். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். அங்கேயும் நாற்காலி அவள் சேலைத்தலைப்பைத் தொங்கவிடத்தான் உதவியது. நாற்பதாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, தில்லைநகர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஆய்வு விவரங்களைக் குறித்துவைக்கும் பணியில் சேர்ந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். இந்த வருஷத்தது மாதக் கடைசியில் முடிகிறது.

அந்தப் புதன்கிழமை பஸ் வரவில்லை. எட்டேகாலுக்குக் கணவன் தேசிக்குக்குப் போன் போட்டாள்.

"அரை மணியா கால் கடுக்க நின்னுண்டிருக்கேன். ஒண்ணாம் நம்பர் ஒண்ணுகூடக் காணும்."

"நீ பஸ்ஸுக்கு முன்னாடியே போயிடறே, பஸ் என்ன பண்ணும்?" என்றான் அவன்.

மயக்க மருத்துவர் கமருன்னிசா நடத்திய ஆய்வு அது. முழங்கால் மாற்று அறுவைக்கு முன் தொடையில் ஒரு மரப்பு ஊசி போடுவது அங்கே வழக்கம். அதோடு முழங்காலுக்குப் பின்புறமும் ஓர் ஊசி போட்டால் வலி இன்னும் குறையுமா என்பதுதான் கேள்வி. யாருக்கு ஓர் ஊசி, யாருக்கு இரண்டு என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நோயாளிக்கும் அது தெரியாது, கேட்கிற பூமாவுக்கும் தெரியாது. ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து நான்கு தடவை ஒரே கேள்வி: "வலி இருக்கிறதா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" நாலும் அதற்கு மேலும் என்றால் உடனே வலிக்கு ஊசி. பூஜ்யம் என்றால் வழக்கமான மாத்திரையோடு சரி. தொண்ணூற்றாறு பேர் தேவை. ஐம்பத்திரண்டு பேர் முடிந்திருந்தார்கள்.

ஐம்பத்துமூன்றாவது ஆள் ஜீயபுரம் மாரியாயி. முந்தின நாள் காலை ஒன்பது நாற்பதுக்கு அறுவை முடிந்தது. புதன் காலை அதே நேரத்துக்குப் பூமா படுக்கையருகே நின்றாள். பக்கத்தில் மாரியாயியின் கணவர் வெள்ளைச்சாமி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"வலி இருக்காம்மா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கடுப்புதான்."

"ஏம்மா கடுப்பு? யாராவது ஏதாவது சொன்னாங்களா? சாப்பாடு சரியில்லையா?"

மாரியாயி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சோத்துக்கென்னம்மா, நல்லாத்தான் போடுறாங்க."

பூமா எழுதினாள். வலி: 0. குறிப்பு: கடுப்பாக இருக்கிறார். நோயாளி சொன்ன வார்த்தையைக் குறிப்புப் பத்தியில் அப்படியே எழுதுவது அவள் பழக்கம். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் படிப்பதும் இல்லை.

மதியம் ஒன்று பத்துக்கு அந்த வார்டு வழியாக மறுபடி போனாள். போக வேண்டிய காரணம் எதுவும் இல்லை, கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். மாரியாயியை வாக்கரில் நிறுத்தி நடக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முந்தானை நனைந்திருந்தது.

"காலைல வலி இல்லேன்னீங்களேம்மா!"

"இப்பவும் வலி இல்லம்மா. வெட்டுனா வலி, இடிச்சுக்கிட்டா வலி. இது கடுப்பு. எலும்புக்குள்ள பூந்துக்கிட்டு கடுக்குது. ராவெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல."

"இவங்களுக்குப் புரியல புள்ள" என்றார் வெள்ளைச்சாமி. பூமாவின் பக்கம் திரும்பினார். "ரொம்ப நேரம் நின்னா கால் கடுக்கும்ல, அந்தக் கடுப்பும்மா. அதவிட நூறு மடங்கு."

கால் கடுக்க நின்னுண்டிருக்கேன். காலையில் தன் வாயால் சொன்னது. வயிற்றுக்கடுப்பு என்று சொல்வாள், நீர்க்கடுப்பு என்று சொல்வாள். தனியாகக் கடுப்பு என்று காதில் விழுந்தால் மட்டும், வகுப்பில் பிள்ளைகள் "கடுப்பாகுது மிஸ்" என்று சொன்ன அர்த்தம்தான் அவளுக்கு வந்தது.

"அம்மா, வலின்னு நெனைக்காதீங்க. அந்தக் கடுப்பு, ஒண்ணுமே இல்லேன்னா பூஜ்யம், தாங்கவே முடியாதுன்னா பத்து. எத்தனை?"

"எட்டு போட்டுக்க. பத்து போட்டா இவரு பயந்துருவாரு."

பணியிலிருந்த டாக்டரைக் கூப்பிட்டாள். ஒன்று இருபத்தைந்துக்கு ஊசி போட்டார்கள். அரை மணி கழித்து மறுபடி கேட்க வேண்டும். அந்த அரை மணியில் நர்ஸ்கள் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து குறிப்புப் பத்தியை மட்டும் படித்தாள். 'கடுப்பாக உள்ளார்.' 'கடுப்பில் பேசவில்லை.' 'கடுப்பு, காரணம் சொல்லவில்லை.' எல்லாம் அவள் கையெழுத்து. பதினோரு பேர், பதினேழு இடங்கள். எதிரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பதினேழு தடவை ஊசி போட்டிருக்க வேண்டுமோ என்னவோ, போடவில்லை.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு மாரியாயி "மூணு" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

நாலு மணிக்கு ஆய்வின் பாதிக் கணக்கைப் பார்க்கும் கூட்டம். எண்கள் மட்டும்தான் அங்கே போகும். பூமா வாயைத் திறக்காவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் ஆய்வு நின்றாலும் நிற்கும், மாதக் கடைசியில் அவள் பெயர் பட்டியலில் இல்லாமலும் போகும். கமருன்னிசாவின் அறைக்குப் போகும் மாடிப்படியில் இரண்டு தடவை பாதி ஏறி இறங்கினாள். மூன்றாவது தடவை ஏறிவிட்டாள்.

"உட்கார்ந்து சொல்லுங்க பூமா" என்றார் கமருன்னிசா.

நின்றுகொண்டே சொன்னாள். கோப்புகளை மேஜையில் விரித்தாள். டாக்டர் பதினேழு இடங்களையும் விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்தக் கேள்வித்தாளை யாருக்குக் காட்டி சரிபார்த்தோம், ஞாபகம் இருக்கா? நம்ம ஆஸ்பத்திரி ஆளுங்க பத்துப் பேருக்கு. ஒருத்தரும் வயல், பட்டறைன்னு உழைக்கிறவங்க இல்ல. கையெழுத்து போட்டது நான்."

"அந்த இடங்கள்ல எண்ணை மாத்திடலாமா டாக்டர்?"

"கூடாது. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத முடியாது. பூஜ்யம் அப்படியே இருக்கட்டும். நாலு மணிக் கூட்டத்துல நானே சொல்லிடறேன். நடந்ததைத் தனியா எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பணும். அவங்க சொல்ற வரைக்கும் புதுசா ஆள் சேர்க்க வேண்டாம்." கோப்புகளை அடுக்கினார். "உங்க ஒப்பந்தத்துக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது பூமா."

"தெரியும் டாக்டர்."

"இந்தப் பதினோரு பேருக்கும் போன் பண்ணுங்க. ஆய்வுக்காக இல்ல. இப்ப எப்படி இருக்காங்கன்னு கேளுங்க. கஷ்டம் இருந்தா நாளைக்கே வரச் சொல்லுங்க."

மூன்றரை மணிக்கு, வராண்டாவில் நடந்துகொண்டே முதல் எண்ணை அழைத்தாள். மார்ட்டின், அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஏழாவது ஆள். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"நல்லா நடக்குறேன் மேடம். இப்ப ஒண்ணும் இல்ல."

"ஆஸ்பத்திரில இருந்தப்போ கடுப்புன்னு சொன்னீங்களே சார், அது எவ்வளவு இருந்தது?"

"அதையேன் கேக்குறீங்க. ரெண்டு நாள் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னேனே! நீங்கதான் ஜீரோன்னு எழுதிக்கிட்டுப் போனீங்க. சரி, இந்த ஆபரேஷனுக்கு ஜீரோன்னாலே இவ்வளவு இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் சிரித்தார். பூமாவின் நடை வராண்டா நடுவில் நின்றது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். நான் எழுதினது தப்பு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்ததும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். பட்டியலில் மார்ட்டின் பெயருக்கு எதிரே நேரத்தை எழுதினாள்: 3.34. மடியில் கோப்பை வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல், இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.