நான் வாசிக்காத ஆறு பாட்டுகள்

நான் வாசிக்கவில்லை.

குற்றாலத்தில், சாரல் காலத்தில், அத்தனை பேர் முன்னால் பேஸ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, தலையை ஆட்டி ஆட்டி நின்றேனே... ஆறு பாட்டு! அந்த ஆறு பாட்டிலும் ஒரு சுரம்கூட என் கையிலிருந்து வரவில்லை. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் கிதாரில் ஒரு குமிழ் உண்டு. அதை நானே, என் சுண்டுவிரலால், அடியோடு குறைத்து வைத்திருந்தேன்.

நாலு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். சிரிப்பீர்கள். சிரியுங்கள்! எனக்கே பாதி நேரம் சிரிப்புத்தான் வருகிறது. மீதிப் பாதி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். கடையநல்லூர் ரஷீது பாடுவான், கிதார் வாசிப்பான். செல்வின் டிரம்ஸ், சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அடித்துப் பழகிய கை. மூன்றாவது ஆள் மாரிச்செல்வமாகிய நான். ரஷீதின் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்து, வாசிக்க ஆளில்லாமல் பீரோவின் மேல் கிடந்த நாலு தந்திக் கிதார் என்னிடம் வந்தது. ராக் இசைக்குழு என்று எங்களை நாங்களே சொல்லிக்கொண்டோம். வேறு யாரும் சொன்னதில்லை. செங்கோட்டை டவுன் பஸ்ஸைப் பற்றி ஒன்று, அருவியில் செருப்பைத் தொலைத்தவனைப் பற்றி ஒன்று என ஏழு பாட்டுகளும் எங்கள் சொந்தச் சரக்கு.

என் அப்பா தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டமும் வாங்கினேன். வாங்கிய கையோடு கிதாரைத் தூக்கினால் எந்தத் தகப்பன்தான் பொறுப்பார்?

"ஏலே, நாலு கம்பிய வச்சுக்கிட்டு என்னலே செய்யப் போற? பேசாம அரசாங்கப் பரீட்சைக்குப் படி."

"எப்பா, ஒரே ஒரு தடவ வந்து கேளுங்க. கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னியன்னா, அன்னைக்கே திருப்பிக் குடுத்துருதேன்."

அப்பா யோசித்தார்.

"வாரேன். ஆனா உன் சத்தம் எனக்குத் தனியாக் கேக்கணும், ஆமா. அந்தப் பயலுவ சத்தத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிடக் கூடாது."

பேஸ் என்பது அடியில் ஓடுகிற தடித்த சத்தம் என்று அவருக்குச் சொல்லிவைத்தேன். அந்த ஒரு மாலையில்தான் என் கிதாரின் தலையெழுத்தே இருந்தது!

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு விடுதி. புதுக் கட்டடத் திறப்பு விழா. விடுதிக்காரர் கேட்டது மெல்லிசை. "கிட்டத்தட்ட அதுதான் அண்ணாச்சி" என்று ரஷீது ஒப்புக்கொண்டுவிட்டான். மாலை ஐந்து மணி. சாரல் விட்டு விட்டுத் தூறியது. அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் பளபளக்கும் தலையோடு, ஈரத்துண்டைத் தோளில் போட்டு, நேந்திரங்காய் வறுவலைக் கொறித்தபடி கூட்டம் நின்றது. முன்வரிசை நாற்காலிகளில் என் அப்பாவும் அம்மாவும். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையை அம்மா கட்டியிருந்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு என்னை மட்டுமே பார்த்தார்.

ஆரம்பிக்கும் முன்பே கரண்ட் போயிற்று. மைக் செட் அண்ணாச்சி மேடைக்குப் பின்னால், சரியாக என் முதுகுக்கு நேராக இருந்த ஜெனரேட்டரை ஓடவிட்டார்.

முதல் பாட்டு. நாலு வரி ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாவது வரியில் என் விரல் வேறு தந்தியில் விழுந்தது. ரஷீது திரும்பிப் பார்த்தான். மறுபடி தவறு. மறுபடி பார்த்தான். முன்வரிசையில் அப்பாவின் புருவம் லேசாக ஏறியது போலிருந்தது...

சுண்டுவிரல் குமிழைத் திருகியது. அவ்வளவுதான். சத்தம் இல்லை, தவறும் இல்லை! அடுத்த பாட்டில் கூட்டிவிடலாம் என்று நினைத்தேன். மீதி ஆறு பாட்டிலும் கூட்டவில்லை.

விரல் தப்பியது, அதனால்தான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய்! மூன்றாவது பாட்டில் விரல் சரியான தந்தியில்தான் விழுந்தது. வாசித்திருக்க முடியும். ஆனால் டவுன் பஸ் பாட்டுக்கு வழுக்கைத் தலையில் எண்ணெய் வழிய ஒரு பெரியவர் ஆடிக்கொண்டிருந்தார். கூட்டம் கை தட்டியது. நான் இல்லாமலே எல்லாம் நன்றாக இருந்தது. அதில் போய் என் சத்தத்தைக் கலக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதுமட்டும்தானா? சும்மா நிற்பது சுகமாகவும் இருந்தது. உழைக்காமல் வாங்குகிற கைதட்டல் இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது!

ஏழாவது பாட்டு தொடங்கும்போது கரண்ட் வந்தது. அண்ணாச்சி ஜெனரேட்டரை நிறுத்தினார். அதை நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இறங்கியதும் செல்வின் கட்டிப்பிடித்தான்.

"மக்கா, இன்னைக்குத்தாம்லே நம்ம பேண்டு நச்சுன்னு இருந்துச்சு!"

தீர்ப்பைக் கேட்க அப்பாவிடம் போனேன். பொய் சொல்லக் கூடாது, எதுவுமே கேட்கவில்லை என்று அவர் சொன்னால் கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று... சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

அப்பா கண் கலங்கி நின்றார்.

"கேட்டுச்சுலே. தனியாக் கேட்டுச்சு. அடியில ம்ம்ம்ம்னு, நெஞ்சுல வந்து நின்னுச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அந்த ரெண்டு பயலுவளும் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல நிறுத்திப்புடுதானுவ. ஒருத்தன் தண்ணி குடிக்கான், ஒருத்தன் தொடச்சுக்கிடுதான். நீ நிறுத்தவே இல்லையே!" என்று சொல்லி அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பாத்தியா? எம்புள்ள கைய எடுக்கவே இல்ல. அதாம்லே வேல!"

என் முதுகுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூட்டை தூக்குகிறவர் அவர். இடையில் நிற்காதவனே அவருக்கு நல்ல வேலைக்காரன். என் தகப்பன் ஒரு ஜெனரேட்டரை மெச்சிக்கொண்டிருந்தார்... என் பெயரைச் சொல்லி!

அம்மாதான் கேட்டாள்.

"கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஏன்யா நிறுத்திட்ட?"

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"கை வலிச்சுதும்மா" என்றேன்.

அவள் துடித்துப்போனாள். சாலையோரக் கடைக்கு ஓடி ஒரு புட்டி தைலம் வாங்கிவந்து, அங்கேயே நாற்காலியில் என்னை உட்காரவைத்து, விரல் விரலாக நீவிவிட்டாள். எந்த வேலையும் செய்யாத விரல்கள்! "எவ்வளவு நேரந்தான் வாசிக்கும், பாவம்" என்று என் கையைப் பார்த்துச் சொன்னாள். தைலத்தின் காரம் கண்ணில் ஏறியதாகப் பேர் பண்ணிக்கொண்டு அழுதேன்.

கிதார் என்னிடமே நின்றது. அப்பா மார்க்கெட் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். வெட்கம் தாளாமல் வெறி பிடித்தவனைப் போலப் பழகினேன். இன்று ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லித் தருகிறேன்; வார இறுதியில் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறேன். நிஜமாகவே வாசிக்கிறேன், நம்புங்கள்! குமிழின் பக்கம் சுண்டுவிரல் போவதே இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நீங்கள் படிப்பீர்கள். அப்பா, அம்மா இருவருக்கும் எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். அவர்கள் படிக்கவைத்த படிப்பை, அவர்களுக்குத் தெரியாமல் ஒன்றைச் சொல்வதற்குப் பயன்படுத்துகிறேனே... இது எந்தக் கணக்கில் சேரும்?

போன மாதம் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் இருவரையும் உட்காரவைத்து ஏழு பாட்டும் வாசித்தேன். ஒரு தவறு இல்லை. அன்று கேட்காததையெல்லாம் இன்றாவது கேட்டுக்கொள்ளட்டும் என்று ஓர் அற்ப ஆசை.

அப்பா தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா... அன்னைக்குக் குத்தாலத்துல வாசிச்சே பாரு. அது மாதிரி வரல."

"ஆமா, இது விட்டு விட்டுல்லா கேக்குது" என்றாள் அம்மா. பீடி இலையை நறுக்கியபடி வாயை மூடி அதை எனக்கு ஞாபகப்படுத்தினாள். "ம்ம்ம்ம்ம்..." அச்சு அசல் ஜெனரேட்டர்! நாலு வருடமாக அதை முனகிக்கொண்டுதான் பீடி சுற்றுகிறாளாம்.

அந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். ஆகத் தடித்த தந்தியில் அதை அழுத்தி, விடாமல் மீட்டினேன்.

"ஆங்... இதுதாம்லே!" என்று அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. விரல் நுனி எரிந்தது. நான் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவேன்? நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அம்மா கேட்பாளே... அலமாரியில் அந்தத் தைலப் புட்டி இன்னும் பாதி இருக்கிறது.