கம்ப்யூட்டரும் சீமைப்பசுவும்

பிளஸ் டூ முடித்திருந்த எனக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஆசை. அப்பாவுக்கோ என்னைப் புதியம்புத்தூர் தையல் கம்பெனியில் சேர்த்துவிட்டால் போதும். நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து பண்ணிய அழிச்சாட்டியத்தில், கோவில்பட்டி கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் நடந்த இலவச அறிமுக வகுப்புக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தார். பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். அப்பா எதைப் பார்த்தாலும் சந்தையில் மாடு பிடிக்கிற கண்ணால்தான் பார்ப்பார்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனோம். ஏசி குளிர். அப்பா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டை கட்டியிருந்த சென்டர்காரரிடம் விசாரணையைத் தொடங்கினார்.

"எதுக்குத் தம்பி இம்புட்டுக் குளிரு?"

"கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது அண்ணாச்சி."

"தூசி?"

"அறவே ஆகாது. அதான் செருப்பை வெளிய விடச் சொல்லுதோம்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இது சீமைப்பசுல்லா!"

எங்கள் வீட்டில் அதைவிட மோசமான வசவு கிடையாது. ஊரெல்லாம் வாங்குகிறதே என்று அப்பாவும் ஒரு சீமைப்பசு வாங்கிவந்தார். நனைந்த சாக்கு போர்த்தி, நிழல் நிழலாக மாற்றிக் கட்டியும் எங்கள் கரிசல் வெயிலில் அது ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. போச்சு, என் படிப்பையும் அந்தப் பாழாய்ப்போன மாடு மேய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்காரவைத்துப் பெயரை அடிக்கச் சொன்னார்கள். எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்டிருந்தான் எந்தப் புண்ணியவானோ! ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்விட்டது. ஏசி நின்றது. கீழே இருந்த பெட்டி 'கீ கீ' என்று கத்தத் தொடங்கியது.

"ஏன் தம்பி கத்துது?"

"பேட்டரியில ஓடுது அண்ணாச்சி. செத்த நேரம்தான் தாங்கும்."

அடைத்துக்கிடந்த அறை கொஞ்ச நேரத்தில் கொதித்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். சென்டர்காரர் டையைக் கழற்றி விசிறிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். நான் எழவில்லை. பெயரில் பாதி இன்னும் பாக்கி இருந்தது. இன்றைக்கு விட்டால் தையல் மிஷின்தான் என்கிற பயம் வேறு.

பக்கத்தில் காற்று அடித்தது. அப்பா துண்டை எடுத்து வீசிக்கொண்டிருந்தார். எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு. பிடிக்காத மாடானாலும் வாயில்லாச் சீவன் தவித்தால் அவருக்குப் பொறுக்காது.

வியர்வை சொட்டச் சொட்டக் கடைசி எழுத்தைக் கண்டுபிடித்து அடித்தேன். அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி, இது நம்ம வெயிலு தாங்காது. எம் மவ தாங்குவா. சேத்துக்கிடுங்க."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அப்பா துண்டை என் மடியில் எறிந்தார்.

"ஏட்டி, அந்தப் பக்கம் திரும்பி அழு. அதுக்கு ஈரமும் ஆகாதாயிருக்கும்."